ஒரு கபிரிஞ்ஞா மெட்டின் பூர்வீகம்

கலியாண வீட்டில் வயலின் வாசிப்பவனிடம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து கேட்கிற கேள்விகள் அதிகமில்லை. "இந்தப் பாட்டு வருமோ?" என்பது ஒன்று. "இது எந்தப் படத்தில?" என்பது இன்னொன்று. நான் வாசிக்கும் ஒரு மெட்டுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு கேள்வி வரும்: "இது ஆற்ற பாட்டு?" கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள். திருகோணமலைப் பறங்கியர் போர்த்துக்கேயப் பாட்டு என்பார்கள். கந்தளாய்ச் சிங்கள நண்பர் பழைய பைலா என்பார். பெடியள் சிலோன் மனோகர் பாடியது என்று சத்தியம் பண்ணுவார்கள். எங்கள் திரியாய் ஆச்சிமாரோ, "அது எங்கட கும்மியெல்லோ" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

எவரும் பொய் சொல்லவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் இதை வாசித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: பாட்டின் சொல் ஒரு வழியாக வரும், தாளம் இன்னொரு வழியாக வரும், சுரம் வேறொரு கடலால் வரும். மூன்றும் ஓரிடத்தில் சந்தித்த பிறகுதான் நாங்கள் பாட்டைப் பிடித்து நிறுத்திப் பூர்வீகம் விசாரிக்கிறோம். மூன்றில் எதனுடைய பூர்வீகம் என்று சொல்லாமல் விசாரித்தால் சண்டைதான் மிஞ்சும்.

அறுபதுகளின் நடுவில் வயலின் பழகப் பட்டணத்துக்குப் போனேன். திரியாயிலிருந்து ஏறக்குறைய முப்பது மைல். குச்சவெளி, கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, நிலாவெளி என்று கடலை ஒட்டியே தெருப் போகும். ஆசிரியர் சிதம்பரத்தில் படித்துவிட்டு வந்தவர். கீதத்துக்குப் போகுமுன் வில் ஓடட்டும் என்று அவர் தந்த உருப்படி 'சக்தி சஹித கணபதிம்'. சங்கராபரணம், திஸ்ரம், கமகம் கிடையாது. வில்லை நேராக இழுக்கப் பழக அதைவிட நல்லதொன்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் என்றும், மெட்டு வெள்ளைக்காரனுடையது என்றும் ஆசிரியர் சொன்னார். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்த காலத்துச் சங்கதி அது. அவர்களை ஆதரித்த மணலி முதலியார் கிழக்கிந்தியக் கம்பனியோடு நெருங்கிப் பழகிய துபாஷி. அந்தச் சகவாசத்தில் ஜோர்ஜ் கோட்டைப் பாண்டு வாத்தியம் சகோதரர் காதில் விழுந்தது. அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாட்டு எழுதினார். தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் பிடில் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். சுமார் நாற்பது நோட்டுஸ்வரங்கள் கிடைத்திருக்கின்றன. எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட நூலொன்றில் அவற்றில் பல சுரத்தோடு உண்டு.

அதில் ஒன்றான 'சந்ததம் பாஹிமாம்' உருப்படியை ஒருநாள் வீட்டுத் திண்ணையில் வாசித்துக்கொண்டிருந்தேன். படுத்திருந்த அப்பா சட்டென்று எழும்பி நிமிர்ந்து நின்றார். அவர் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படையின் யார்டில் வேலை செய்தவர். 1957 இல் கடற்படை போன பிறகும் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. "இதென்னடா, ராசாவின்ர பாட்டை வாசிக்கிறாய்?" என்றார். "அம்மன் பாட்டப்பா" என்றேன். நம்பவில்லை. தன்னை நான் நையாண்டி பண்ணுவதாக நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

பிரித்தானியரின் தேசிய கீதமான அந்த ராசா பாட்டின் கதையும் நேரானதல்ல. லண்டனில் 1744 அளவில் அச்சேறி, அடுத்த வருடம் நாடகக் கொட்டகைகளில் பாடப்பட்டுப் பிரபலமானது. மெட்டமைத்தவர் யாரென்று பிரித்தானியரே இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை. பிரஷ்யரும் அமெரிக்கரும் அதே மெட்டில் தங்கள் தேசப் பாட்டைப் பாடினார்கள். லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் தேசிய கீதம் இன்றைக்கும் அதில்தான். மெட்டு ஒன்று, அதற்கு எழுந்து நிற்கும் சனங்கள் பலர் என்பதை நான் முதலில் அப்பாவின் முதுகெலும்பில் கண்டேன்.

துறைமுகக் காற்றுக்கு வயலின் பசை விட்டுவிடும். கச்சான் காலத்தில் பிரடை இளகும், வாடையில் இறுகும். என் வயலினின் முதுகுப்பலகை வாய் திறந்தபோது பாலையூற்றில் ஒரு பறங்கித் தச்சரிடம் கொண்டுபோகச் சொன்னார்கள். தச்சு, இரும்பு வேலை, தையல், சப்பாத்து என்று கைத்தொழில்தான் எங்கள் பக்கத்துப் பறங்கியருக்குச் சோறு போட்டது. அவரை எல்லாரும் பாஸ் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டுக்குள் அவர்கள் பேசியது போர்த்துக்கேயக் கிறியோல், வாசலில் நல்ல தமிழ்.

ஒட்டி, காயவைத்து, தந்தி ஏற்றி, சரிபார்க்கவென்று பாஸ் ஒரு மெட்டு வாசித்தார். வயலினை நாடிக்குக் கீழே வைக்காமல் மார்போடு அணைத்திருந்தார். வில்லின் அடியை விட்டு நாலு விரல் மேலே பிடித்து, நடுவில்லாலேயே சின்னச் சின்னதாக வெட்டினார். கபிரிஞ்ஞா என்றார். நான் அங்கேயே இருந்து சுரம் எழுதிக்கொண்டேன். வீட்டில் பழகி, அடுத்த கிழமை போய் வாசித்துக் காட்டினேன். பாஸ் தலையாட்டிக் கேட்டார்.

"சுரமெல்லாம் சரி தம்பி. ஆனா ஆடேலாது."

ஏன் ஆடேலாது என்று வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. மருமகனைக் கூப்பிட்டு ரபான் தட்டச் சொல்லிவிட்டுத் தானே வாசித்தார். அன்றைக்குப் புரியவில்லை. பல நாள் கேட்ட பிறகுதான் கணக்கு விளங்கியது. ஆறு எண்ணிக்கையில் நான் ஒன்றையும் நாலையும் அழுத்தினேன், திஸ்ரத்தில் பழகியவன் கை அப்படித்தான் விழும். பாஸ் ஒரு சுற்றில் அதே இடங்களை அழுத்திவிட்டு, அடுத்த சுற்றில் ஒன்று, மூன்று, ஐந்து என்று மாற்றுவார். ரபான் பழைய கணக்கிலேயே நிற்கும். வில்லும் தோலும் உரசுகிற அந்தச் சுற்றில்தான் ஆடுகிறவர் இடுப்புத் திரும்புகிறது.

இந்த உரசல் எங்கிருந்து வந்தது? பெயரே காப்பிரியரைச் சுட்டுகிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் ஆபிரிக்காவிலிருந்து படையாளாகவும் அடிமையாகவும் கொண்டுவந்த சனம் அது. அவர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இன்றும் மஞ்சா பாடி ஆடுகிறார்கள். ஒருமுறை நேரில் கேட்டேன். ரபான், சிரட்டை, போத்தலும் கரண்டியும். வயலின் இல்லை. ஆனால் பாஸின் மருமகனின் கையை நான் அங்கே பார்த்தேன். தாளத்தைப் பற்றி எனக்கு அதற்குப் பிறகு பெரிய சந்தேகம் இருக்கவில்லை.

சுரத்தின் கதை வேறு. இதைக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் இது விரலில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. எங்கள் கர்நாடக முறையில் நாலு தந்திகளையும் மந்தர சட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய சட்ஜம், மத்திய பஞ்சமம் என்று கூட்டுவோம். பாஸின் வயலின் வெள்ளைக்காரர் முறையில் ஜி, டி, ஏ, இ. அவர் டி தந்தியைச் சட்ஜமாகக் கொண்டு வாசித்தார். அப்படிக் கொண்டால் அடுத்த தந்தி பஞ்சமம், கடைசித் தந்தி விரல் வைக்காமலே தாரஸ்தாயி ரிஷபம். மெட்டின் இரண்டாம் பகுதி சட்ஜத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் அந்த ரிஷபத்துக்குப் போய், அங்கே மூன்று வெட்டு வெட்டிவிட்டு இறங்கும். என் தந்திக் கூட்டலில் அதே ரிஷபத்துக்குச் சுண்டுவிரலை நீட்டவேண்டும், அல்லது கையை மேலே தள்ளவேண்டும். இரண்டிலும் அந்த வெட்டு விழாது. குரலால் பாடுகிறவரோ அங்கே போகவே மாட்டார். தந்தி வெறுமனே கிடக்கிறது, வில் பட்டால் கத்துகிறது, அதனால்தான் அந்தச் சுரம் அங்கே இருக்கிறது.

முதற்பகுதி அப்படியில்லை. ஐந்து சுரத்துக்குள் அடங்கி, மத்திமத்தில் ஒரு சின்ன நிறுத்தம் நின்று, திரும்பி வந்துவிடும். யாரும் பாடலாம், குழந்தைகூட. ஆக, முதற்பகுதி தொண்டையில் பிறந்தது, இரண்டாம் பகுதி யாரோ ஒரு வயலின்காரன் கையில் பிறந்தது என்று முடிவுகட்டினேன். பாஸிடம் சொன்னேன். "ரெண்டும் என்ர அப்பாவிட்டத்தான் பழகினது" என்றார். தொழில்காரரிடம் பூர்வீகம் கேட்டால் இந்தப் பதில்தான் வரும், அதற்கு மேல் அவருக்குத் தேவையும் இல்லை.

சில காலம் பாலையூற்றுக் கலியாணங்களில் பாஸுக்குப் பக்கத்தில் இரண்டாவது வயலினாக இருந்தேன். என் பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "கோணேசர் கோயிலை இடிச்சவன்ர பாட்டையோடா வாசிக்கிறாய்?" என்பார். கோயிலை 1622 இல் இடித்து, இரண்டு வருடத்தில் கோட்டையைக் கட்டியவன் கொன்ஸ்தந்தீனு த சா. 1639 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். திருகோணமலையைப் போர்த்துக்கேயர் வைத்திருந்தது அவ்வளவு காலம்தான். அதற்குள் ஒரு கலியாணப் பாட்டு வேர்விடுமா என்றுதான் எனக்கு யோசனை. விட்டிருக்கத் தேவையுமில்லை. ஒல்லாந்தர் காலம் முழுக்க இந்தத் தீவின் துறைமுகங்களில் வீட்டுப் பேச்சும் சந்தைப் பேச்சும் போர்த்துக்கேயக் கிறியோல்தான். ஒல்லாந்த வீடுகளுக்குள்ளேயே அது புகுந்திருந்தது. ஆட்சி போய்ப் பாஷை நின்றால் பாட்டு பிறகும் பிறக்கும். பெரியப்பாவிடம் இதை விளக்கினேன். அவர் கோபம் ஒரு இஞ்சிகூட அசையவில்லை.

அதே கலியாணங்களில் கபிரிஞ்ஞாவுக்கு முன் லான்சஸ் என்று ஒன்று ஆடுவார்கள். ஆணும் பெண்ணும் சோடியாக வரிசை கட்டி, வணங்கி, கைமாற்றி ஆடுவது. அதையும் போர்த்துக்கேயர் காலத்துச் சாமான் என்றே பாஸ் சொல்வார். அது பிரித்தானியர் காலத்து நடன மண்டபங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடிய லான்சர்ஸ். எசமான் ஆடியதைப் பார்த்துத் தச்சர் வீட்டு முற்றம் எடுத்துக்கொண்டது. முற்றத்துக்கு வந்ததும் அதற்கு முந்நூறு வயது ஏறிவிட்டது.

எழுபதுகளில் பைலா கோஷ்டிகள் வந்தன. கபிரிஞ்ஞாவை அதற்கு முன்னரே எடுத்துச் சிங்களச் சொல்போட்டு மேடைக்குக் கொண்டுவந்தவர் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியான். அவருக்குப் பின் எம். எஸ். பெர்னாண்டோ. தமிழில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', எங்கள் பட்டணத்துப் பரமேஷ் கோணேஷ் சகோதரர், சிலோன் மனோகர் என்ற ஏ. ஈ. மனோகரன். நானும் ஒரு கோஷ்டியில் காசுக்கு வாசித்தேன். முதல் ஒத்திகையிலேயே இரண்டாம் பகுதியை வெட்டினார்கள். பாடகருக்கு எட்டவில்லை, கிட்டாருக்கு அந்த ரிஷபம் கோர்ட்டில் உட்காரவில்லை. அதை இடையிசையாக்கி அக்கோர்டியனிடம் கொடுத்தார்கள். அக்கோர்டியனுக்கு வெறும் தந்தி ஏது? பாய்ச்சலை நிரவிப் படிப்படியாக ஏறும் ஒன்றாக்கிவிட்டது. இன்றைக்குக் கலியாண வீடுகளில் சனம் வாயசைப்பது அந்த நிரவிய வடிவத்துக்குத்தான்.

மனோகரனின் 'சுராங்கனி' என் மெட்டு இல்லை, துள்ளல் மட்டும் அதே துள்ளல். பெடியளுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. அந்தப் பாட்டே சிங்களத்தில் இருந்து தமிழ் வரிகள் சேர்ந்து, தமிழ்நாட்டுக்குப் போய், 1977 இல் இளையராஜாவின் இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் என்னிடமே, "இது எங்க ஊர்ப் பாட்டு சார், உங்க ஊரிலயும் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். தெரியும் என்றேன்.

1985 இல் திரியாய் எரிந்தது. சனம் திக்குத்திக்காகச் சிதறியது. நாங்கள் பட்டணத்தில் ஒரு சொந்தக்கார வீட்டில் பல குடும்பமாக இருந்தோம். பொழுதுபோகாமல் ஒரு பின்னேரம் பாஸின் மெட்டை வாசித்தபோது, குசினிப் பக்கம் இருந்த எங்கள் ஊர் ஆச்சி ஒருவர் வந்து கேட்டுவிட்டு, கைதட்டி ஒரு கும்மி பாடினார். நெல்லும் எருமைத் தயிரும் வரதவிநாயகரும் வரும் வரிகள். மெட்டு பாஸின் முதற்பகுதி. மத்திமத்தில் அந்த நிறுத்தம் உட்பட. இரண்டாம் பகுதியை நான் வாசித்ததும் ஆச்சி கையை நிறுத்திவிட்டார். "அது என்ன தம்பி, நடுவில வேற எங்கயோ போறாய்?"

எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்தை ஆரிடமும் சொல்லும் நிலைமை இல்லை. தொண்டையில் பிறந்த பாதி, கையில் பிறந்த பாதி என்று நான் பிரித்த இடத்திலேயே ஆச்சியும் பிரித்துவிட்டார். எப்போதிருந்து இந்தக் கும்மி என்று கேட்டேன். "எங்கட அம்மா காலத்திலயே இருந்தது." வாய்வழி ஞாபகம் மூன்று தலைமுறைக்கு மேல் ஆழம் போவதை நான் கண்டதில்லை. அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் ஆதியிலிருந்தே இருந்ததாகிவிடும்.

கும்மி பாலையூற்றுக்குப் போனதா, பாலையூற்று மெட்டு கும்மிக்கு வந்ததா? எங்கள் ஊர் ஆண்கள் யார்டில் வேலை செய்தார்கள், பறங்கித் தச்சர் ஊர் ஊராகக் கூரை போட்டார்கள். இரண்டு பக்கமும் வழி உண்டு. ஐந்து சுரத்துக்குள் ஆறு எண்ணிக்கையில் துள்ளும் மெட்டு எந்த நாட்டிலும் தானாக முளைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. வெறும் சாயலை வைத்து உறவு கொண்டாடுகிறவர்களை நான் நம்புவதில்லை. அந்த மத்திம நிறுத்தம் மட்டும் இல்லையென்றால் இதையும் நம்பியிருக்கமாட்டேன்.

மூன்றாவது, சொல். பாஸ் முதற்பகுதிக்குப் பாடும் வரிகளில் 'சிங்கெல்லே நோனா' வரும். ஒருமுறை மலேசியாவிலிருந்து கோணேசர் கோயிலுக்கு வந்த தமிழர் ஒருவர் கலியாண வீட்டில் அதைக் கேட்டுவிட்டு, "இது மலாக்காப் பாட்டாச்சே, ஜிங்க்லி நோனா" என்றார். பாடியும் காட்டினார். சொல்லில் உறவு தெரிந்தது, மெட்டு வேறு வீட்டுப் பிள்ளை. கே. டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த ஒரு நோனாவின் பயணத்தைப் பற்றியே தனியாகக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. இந்த நாலுவரிப் பாட்டுகள் மட்டக்களப்பிலும் மலாக்காவிலும் இந்தியாவின் மேற்குக் கரைக் கிறியோல் ஊர்களிலும் உலாவியவை. எந்த வரியையும் எந்த மெட்டிலும் ஏற்றிப் பாடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில் சேகரித்த கையெழுத்துப் பிரதி ஒன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. கபிரிஞ்ஞாப் பாட்டுகள் ஒரு பகுதி, மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாட்டுகள் இன்னொரு பகுதி. எழுதியவருக்குச் சொல் அகப்பட்டது, வில் அகப்படவில்லை.

மலாக்காக் கதையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே போர்த்துக்கேயக் குடியிருப்பில் உல்லாசப் பயணிகளுக்கு ஆடிக்காட்டும் நடனங்கள் ஐந்நூறு வருட மரபு என்று அறிவிக்கப்படும். மார்கரெட் சார்கிசியன் என்ற இசை ஆய்வாளர் போய்த் துருவியபோது, அவற்றில் பல 1952 இல் போர்த்துக்கல்லின் அமைச்சர் ஒருவர் வருவதற்காகப் புத்தகம் பார்த்துப் பழகத் தொடங்கியவை என்று தெரிந்தது. ஜிங்க்லி நோனா அதற்கு முந்தியது, அது உள்ளூர்ப் பிரான்யோ ஆட்டத்தின் பாட்டு. புதியது பழைய உடுப்பில் முன்வரிசையில் நிற்க, பழையது கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஆடும் பாட்டாக நின்றிருக்கிறது. பாஸின் லான்சஸ் ஞாபகம் வந்து தனியே சிரித்தேன்.

சுனாமி மட்டக்களப்பில் டச்பார்ப் பறங்கிக் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. எங்கள் பக்கமும் நிலாவெளி, குச்சவெளி என்று கரை முழுக்க. எத்தனை வயலின் போயிருக்கும் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை, எடுக்கும் நேரமும் அதுவல்ல. பாஸ் அதற்கு முன்னரே போய்விட்டார். பிள்ளைகளில் பலர் அவுஸ்திரேலியா. பிறகு லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோ குழுவினர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கிறியோலைப் பதிவுசெய்தார்கள், பேச்சோடு ஆட்டத்தையும் பாட்டையும் சேர்த்தே. அது நல்ல வேலை. பாஷைக்காரர்கள் பாட்டையும் கவனித்தது அபூர்வம்.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்குத் தந்தியை எங்கள் முறையில் கூட்டித் தருவேன். இந்த மெட்டுக்கென்று ஒரு வயலினை ஜி, டி, ஏ, இ கூட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். முதற்பகுதியை எதில் வேண்டுமானாலும் வாசிக்கலாம், இரண்டாம் பகுதியை அதில் மட்டும்தான் வாசிக்க விடுவேன். நோட்டுஸ்வரத்தையும் இதையும் ஒரே மாதத்தில் பழக்குவது என் வழக்கம். இரண்டும் கப்பலில் வந்தவை, ஒன்றுக்குப் பூணூல் போட்டார்கள், மற்றதற்குப் போடவில்லை.

கொஞ்சக் காலத்துக்கு முன் பட்டணத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் என் மாணவி ஒருத்தி இதை வாசித்தாள். பதிவு முடிந்ததும் அங்கிருந்த தம்பி ஒரு படிவத்தை நீட்டினார். இயற்றியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர். இயற்றியவர் என்ற இடத்தில், முதற்பகுதி மரபு, திரியாய்க் கும்மியிலும் உண்டு என்று எழுதினேன். இரண்டாம் பகுதி, பெயர் தெரியாத ஒரு வயலின்காரர். தாளம், காப்பிரியர். சொல், கிழக்குக் கரையிலிருந்து மலாக்கா வரை. வாசித்த முறை, பாலையூற்றுப் பாஸ்.

தம்பி படிவத்தைப் பார்த்தார், கொம்பியூட்டரைப் பார்த்தார்.

"மாஸ்டர், இதில இருபது எழுத்துத்தான் போகும்."

"அப்ப பாஸின்ர பெயரைப் போடும்" என்றேன்.